காலமை 6.12க்கு வரும் எரர்

யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்திக்குக் கிட்ட ஒரு போட்டோக்கொப்பிக் கடை. முன்னுக்குக் கடை, பின்னுக்கு வீடு. பல்கலைக்கழகப் பிள்ளைகள் வகுப்புக்கு முன்னம் அசைன்மென்ட் எடுக்க வருவார்கள் என்பதால் கடைக்காரர் ஐந்தரைக்கே திறந்துவிடுவார். ஒருநாள் போன் எடுத்து, "தம்பி, மிசின் தன்ர பாட்டில நிண்டு நிண்டு எழும்புது. ரண்டு தரம் விண்டோஸ் அடிச்சாச்சு, ரேமும் மாத்தியாச்சு. ஒருக்கா வந்து பாருங்கோ" என்றார்.

போனால், திரையில் விண்டோஸின் பதிவேடுகளை (லொக்) காட்டும் ஈவென்ட் வியூவர் ஏற்கெனவே திறந்து கிடக்கிறது. யாரோ யூடியூபில் பார்த்துச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். சிஸ்டம் லொக் முழுக்கச் சிவப்பும் மஞ்சளும். "இவ்வளவு எரர் கிடக்கேக்க மிசின் எப்பிடித் தம்பி ஓடும்?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான். ஆனால் அந்தச் சிவப்பில் முக்கால்வாசிக்கும் அவருடைய பிரச்சினைக்கும் ஒரு தொடர்பும் இல்லை.

லொக்கில் ஒவ்வொரு வகை வரிக்கும் ஓர் எண் உண்டு. ஃபில்டரில் 41 என்ற எண்ணை மட்டும் போட்டேன். மூன்று கிழமைக்குள் பதினொரு வரி, எல்லாவற்றுக்கும் சோர்ஸ், அதாவது வரியை எழுதிய பகுதி, கேர்னல்-பவர். ஒழுங்காக நிறுத்தப்படாமலே கணினி மறுபடி தொடங்கியது என்ற ஒரே வசனம்தான் பதினொன்றிலும் இருந்தது. அதை ஒரு தரம் வாசித்தால் போதும். நான் பார்த்தது பக்கத்தில் இருந்த நேரத்தை. 6.12, 6.09, 6.15, 6.11, மறுபடி 6.12. ஒன்பது வரி காலமை ஆறு தாண்டிக் கால் மணித்தியாலத்துக்குள் வந்திருந்தன. மற்ற இரண்டும் பகலில்.

"அண்ணை, காலமை ஆறு மணிக்கு வீட்டில என்ன நடக்கும்?"

"ஒண்டும் நடவாது. நான் மிசினைப் போட்டிட்டுத் தேத்தண்ணி குடிக்கப் போவன். அவ தாங்கிக்குத் தண்ணி ஏத்துவா."

கிணற்று மோட்டர்! கடைக்கும் வீட்டுக்கும் ஒரே மீட்டர். இப்படியான மோட்டர் சுழலத் தொடங்கும் கணத்தில், ஓடும்போது இழுக்கிற மின்னோட்டத்தைப்போல ஐந்தாறு மடங்கை இழுக்கும். வயரிங் பழசு என்றால் 230 வோல்ட் அந்தக் கணத்தில் நன்றாகவே கீழே போகும். நம் கண்ணுக்கு பல்ப் ஒருமுறை மங்கி எழும்பும், அவ்வளவுதான். கணினியின் பவர் சப்ளை, உள்ளே தேக்கி வைத்திருக்கும் மின்சாரத்தைக் கொண்டு முழுச்சுமையில் தாக்குப்பிடிக்கக்கூடியது ஏறத்தாழ 16 மில்லி செக்கன். நம்முடைய மின்சாரம் 50 ஹேர்ட்ஸ். அதன் ஒரு சுற்றுக்கே 20 மில்லி செக்கன் பிடிக்கும். ஒரு சுற்று ஒழுங்காக வராவிட்டாலே காணும், மிசின் விழுந்துவிடும்.

மேசைக்குக் கீழே யூபிஎஸ் ஒன்று இருந்தது. நாலு வருசமாக ஒருவரும் தொடாதது. பச்சை லைட் எரிந்தது. சுவர்ப் பிளக்கைக் கழற்றினேன். ஒரு 'கீச்', உடனே எல்லாம் இருட்டு. உள்ளே இருக்கும் 12 வோல்ட் ஈய பற்றரி நம்மூர் வெக்கையில் இரண்டு மூன்று வருசம் நின்றாலே பெரிய விசயம். அது செத்துப்போன யூபிஎஸ், இல்லாத யூபிஎஸ்ஸைவிட மோசம் என்பேன். வோல்ட் இறங்கியதும் அது பற்றரிக்கு மாறும், பற்றரியில் ஒன்றும் இல்லை, மிசின் நிற்கும். சுவரில் நேரே குத்தியிருந்தால் சில நாளாவது தப்பியிருக்கும்.

இங்கே 41 எப்படி எழுதப்படுகிறது என்பதைக் கொஞ்சம் சொல்லவேண்டும், ஏனென்றால் பலர் அதைத் தலைகீழாக விளங்கிக்கொள்கிறார்கள். மின்சாரம் போன கணினிக்கு எதையும் எழுதிவைக்க முடியாது. அடுத்த தரம் எழும்பும்போதுதான், 'போன தரம் நான் ஒழுங்காகப் படுக்கவில்லையே' என்று கண்டுபிடித்து 41ஐ எழுதும். ஆகவே 41க்குப் பக்கத்தில் இருப்பது எழும்பிய நேரம், விழுந்த நேரம் இல்லை. விழுந்த நேரத்துக்கு அதே இடத்தில் கிடக்கும் 6008ஐப் பாருங்கள். விண்டோஸ் ஓடும்போது 'இன்னும் உயிரோடுதான் இருக்கிறேன்' என்று இடைக்கிடை ஒரு நேரத்தைக் குறித்து வைத்துக்கொண்டே இருக்கும். கடைசியாகக் குறித்ததைத்தான் 6008 சொல்கிறது. சில நிமிடம் முன்பின் இருக்கலாம். இரண்டுக்கும் இடைவெளி ஓரிரு நிமிடம் என்றால் மிசின் விழுந்த கையோடு எழும்பியிருக்கிறது. மூன்று மணித்தியாலம் என்றால் கரண்ட் போயிருக்கிறது, அல்லது யாரோ பிளக்கைப் பிடுங்கிவிட்டுப் போயிருக்கிறார்கள்.

41ஐத் திறந்து டீட்டெயில்ஸ் பக்கத்துக்குப் போனால் பக்செக் கோட் என்று ஒரு வரி இருக்கும். அதில் 0 என்றால், விண்டோஸ் தானே பழுதுபட்டு நின்று காட்டும் நீலத்திரை எதுவும் பதிவாகவில்லை. மின்சாரம் போயிருக்கலாம், அல்லது மிசின் ஒரேயடியாக உறைந்திருக்கலாம். எண் ஏதாவது இருந்தால் கதை வேறு. அந்த எண் சாதாரணப் பத்தடிமானத்தில் இருக்கும். விண்டோஸ் கல்குலேட்டரில் புரோகிராமர் பக்கத்தில் போட்டுப் பதினாறடிமானத்துக்கு மாற்றித் தேடவேண்டும். 278 என்று இருந்தால் 116 வரும். அது கிராஃபிக்ஸ் டிரைவர் பதில் சொல்லாமல் நின்றது. அதே பக்கத்தில் பவர் பட்டன் டைம்ஸ்டாம்ப் என்பதில் 0 இல்லாமல் நீண்ட எண் ஒன்று இருந்தால், யாரோ பட்டனை அழுத்திப் பிடித்திருக்கிறார்கள். வீட்டில் பிள்ளைகள் "நான் தொடவே இல்லை" என்று சொல்லும்போது இந்த வரி கைகொடுக்கும்.

இந்தக் கடையில் பதினொன்றிலும் 0. இரண்டு தரம் விண்டோஸ் அடித்ததில் கிடைத்த ஒரே பலன், அதற்கு முந்திய மாதங்களின் லொக் முழுதும் அழிந்துபோனதுதான். கிணற்று மோட்டர் அப்போதும் அதே ஆறு மணிக்குத்தான் ஓடியிருக்கும். அதைச் சொல்லக்கூடிய ஒரே சாட்சியை ஃபோர்மட் பண்ணிவிட்டார்கள்.

மின்சாரக் கதையைப் பற்றி யாழ்ப்பாணத்தாருக்கு நான் சொல்லத் தேவையில்லை. 2022 மார்ச் இறுதியில் ஒரு நாளில் 13 மணித்தியாலம் வரைக்கும் வெட்டிய காலத்தில், இங்கு திருத்த வந்த மிசின்களின் லொக்கைத் திறந்தால் 6008கள் மின்வெட்டு அட்டவணையைப் போலவே இருக்கும். 2025 பெப்ரவரி 9, ஞாயிறு முற்பகல், பாணந்துறை உப மின்நிலையத்தில் ஒரு குரங்கு புகுந்து நாடு முழுதும் இருண்டதே, அன்று யூபிஎஸ் இல்லாமல் ஓடிக்கொண்டிருந்த டெஸ்க்டொப்புகளுக்கும் அந்தக் குரங்கு ஒரு 6008 எழுதிவிட்டுத்தான் போனது.

ஈவென்ட் லொக் புதிய விசயமில்லை. 1993இல் விண்டோஸ் என்டி வந்த காலத்திலிருந்தே இருக்கிறது. விஸ்டாவோடு அதன் கோப்பு வடிவத்தையும் முகத்தையும் மாற்றினார்கள். கணினியைப் பராமரிக்கிறவர்களுக்காகச் செய்யப்பட்டது என்பதால், சின்ன விசயத்தையும் விடாமல் எழுதும். பின்னணியில் ஓடும் ஒரு சேவை நேரத்துக்கு வராவிட்டாலும் வரி விழும். சிஸ்டம் லொக்குக்கு வழக்கமாக 20 எம்பி இடம். நிரம்பினால் பழையவை போய்ப் புதியவை வரும். எந்த நோயும் இல்லாத மிசினிலும் சிவப்பு இருக்கும்.

இதை நன்றாகத் தெரிந்துவைத்திருப்பவர்கள் போன் மோசடிக்காரர்கள். "உங்கள் கணினியில் வைரஸ் இருக்கிறது, நான் காட்டுகிறேன்" என்று ஆளை ஈவென்ட் வியூவரைத் திறக்கவைத்து, அங்கே கிடக்கும் சிவப்பைக் காட்டியே பணம் பறிப்பார்கள். 2012 அக்டோபரில் அமெரிக்காவின் ஃபெடரல் ட்ரேட் கமிஷன் இப்படியான கூட்டங்கள் மேல் வழக்குப் போட்டது. ஆனாலும் தொழில் நிற்கவில்லை. லண்டனில் இருக்கும் என் சின்னம்மாவுக்கு ஒருமுறை வந்தது. நல்லகாலம், "பொறுங்கோ, யாழ்ப்பாணத்தில என்ர பெறாமகனிட்டைக் கேட்டுச் சொல்லுறன்" என்று வைத்துவிட்டா.

எண்ணிக்கையும் நிறமும் வழிகாட்டாது என்பதற்கு இரண்டு எண்களைப் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். ஒன்று 10016, சோர்ஸ் டிஸ்ட்ரிபியூட்டட் கொம். பல மிசின்களில் இது சிவப்பில் வரும், ஒவ்வொரு நாளும் வரும். விண்டோஸின் ஒரு பகுதி இன்னொரு பகுதியைக் கேட்கிறது, அனுமதி இல்லை என்று பதில் வருகிறது, அது வேறு வழியால் போய் வேலையை முடிக்கிறது. இது இப்படித்தான் நடக்கும், விட்டுவிடலாம் என்று மைக்ரோசொஃப்டே எழுதிவைத்திருக்கிறது. இதைப் போக்க, விண்டோஸின் அமைப்புகள் கிடக்கும் ரெஜிஸ்ட்ரியில் கைவைத்து மிசினைக் கெடுத்துக்கொண்டு வருகிறவர்களும் உண்டு.

மற்றது 153, சோர்ஸ் டிஸ்க். இது மஞ்சள். வெறும் வார்னிங் தானே என்று தாண்டிப் போகிறோம். டிஸ்கிடம் ஒரு வேலை சொன்னேன், பதில் வரவில்லை, மறுபடி சொன்னேன் என்பதுதான் அதன் பொருள். ஒன்றிரண்டு என்றால் பரவாயில்லை. மானிப்பாய்ப் பக்கத்தில் கலியாண வீடுகளுக்குப் படம் எடுக்கும் ஒருவர், "மிசின் ஸ்லோவாப் போச்சு, விண்டோஸ் அடிச்சுத் தாங்கோ" என்று கொண்டுவந்த மிசினில் இதைப் பார்த்தேன். முதல் மாதம் மூன்று. அடுத்த மாதம் கிழமைக்கு ஐந்தாறு. மூன்றாம் மாதம் ஒரு நாளுக்குள்ளேயே பத்துப் பன்னிரண்டு, இடையில் புதிதாக 7. அந்த 7 சிவப்பு: டிஸ்கில் ஒரு இடத்தை வாசிக்க முடியவில்லை, பழுதுபட்ட இடம் என்கிறது. இது நாளின் ஒரு நேரத்தோடு ஒட்டிய தாளம் இல்லை, நெருங்கி நெருங்கி வருவது. நெருங்கி வருவதைக் கண்டால் நான் வேறெதையும் பார்க்கமாட்டேன். முதல் வேலை படங்களை வேறு டிஸ்குக்கு எடுப்பது.

இந்த இடத்தில்தான் ஆட்கள் பெரிய பிழை விடுகிறார்கள். செக் டிஸ்க்கைப் பழுதுபட்ட இடங்களைத் தேடச் சொல்லி ஓடவிட்டால், அது டிஸ்கின் மூலைமுடுக்கெல்லாம் வாசிக்கும். பெரிய டிஸ்க் என்றால் மணிக்கணக்கு. சாகக் கிடக்கிறவரை மலையேறச் சொல்லுவது போன்ற வேலை. எடுக்கவேண்டியதை எடுத்த பிறகு என்னத்தையும் ஓடவிடலாம். படக்காரரின் டிஸ்கிலிருந்து பெரும்பாலானவை வந்தன. ஒரு பூப்புனித நீராட்டு விழாவின் கடைசி இரண்டு ஃபோல்டர் வரவில்லை. முதல் மாதமே கொண்டுவந்திருந்தால் அதுவும் வந்திருக்கும் என்று அவரிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

ஆனால் டிஸ்க் எரர் வந்தாலே டிஸ்க் போய்விட்டது என்றும் எடுக்கக்கூடாது. குருநகரில் கடற்கரைக்குக் கிட்ட ஒரு வீட்டு மிசினிலும் இதே மாதிரி. 129 என்று, டிஸ்க் இணைப்பை ரீசெட் பண்ணினேன் என்ற வரியும் சேர்ந்து வந்தது. கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோவைப் போட்டு டிஸ்கின் சொந்தக் கணக்கைப் பார்த்தேன். பழுதுபட்ட இடங்களைச் சொல்லும் 05உம் சி5உம் 0இலேயே நின்றன. சி7 மட்டும் ஏறிக்கொண்டே போனது. சி7 கேபிள் வழியே போகும் தரவு சிதைவதைச் சொல்வது. உப்புக்காற்றில் கேபிளின் முனை மங்கிப்போயிருந்தது. புதுக் கேபிள் போட்டதும் எரர் நின்றது. சி7இன் பழைய எண் குறையாது, அது அப்படியே இருக்கும்; மேலும் ஏறாமல் நிற்கிறதா என்றுதான் பார்க்கவேண்டும்.

இன்னொன்று, எந்த டிஸ்க்? எரர் வரியில் ஹார்ட்டிஸ்க்1 என்று இருந்தால் அது டிஸ்க் மனேஜ்மென்டில் தெரியும் டிஸ்க் 1. உள்ளே இருப்பது பெரும்பாலும் 0 ஆக இருக்கும்; 1 உங்களுடைய பழைய பென் டிரைவாகவும் இருக்கலாம். பென் டிரைவின் குற்றத்துக்காக நல்ல டிஸ்க்கைக் கழற்றி எறிந்த வீடு எனக்குத் தெரியும்.

மிசின் எழும்பும் ஒவ்வொரு தரமும் தவறாமல் வருவது பெரும்பாலும் சில்லறை. 7000, 7009 இரண்டும் அந்த வகை. எப்போதோ போட்டு எடுத்த பிரிண்டர் மென்பொருளோ, பழைய டொங்கிளின் மென்பொருளோ ஒரு சேவையை விட்டுவிட்டுப் போயிருக்கும். அதற்குரிய கோப்பு இல்லை என்று 7000 முறையிடும். 7009இல் 30000 மில்லி செக்கன் என்று ஒரு எண் வரும். முப்பது செக்கன் காத்திருந்தேன், சேவை வரவில்லை என்பதே செய்தி. பழைய ஹார்ட் டிஸ்கில் விண்டோஸ் எழும்பும்போது இது சர்வசாதாரணம். எஸ்எஸ்டி போட்டால் பல வீடுகளில் தானாகவே மறைந்துவிடும்.

நேரத்தைப் பார்க்கச் சொல்கிறேனே, அந்த நேரமே பிழையாக இருந்தால்? மதர்போர்டில் இருக்கும் சிஆர்2032 என்ற காசு வடிவப் பற்றரி தீர்ந்தால், பிளக்கைக் கழற்றும் ஒவ்வொரு தரமும் மிசின் பல வருசம் பின்னால் போய்விடும். பிறகு இணையத்தில் நேரம் சரிசெய்யப்படும்வரை பிரவுசர் எந்தத் தளத்தைத் திறந்தாலும் சான்றிதழ் சரியில்லை என்று கத்தும். லொக்கில் இன்று காலமை நடந்தவை அடியில் எங்கோ போய்க் கிடக்கும். கேர்னல்-ஜெனரல் 1 என்ற வரி, நேரம் எதிலிருந்து எதற்கு மாற்றப்பட்டது என்று சொல்லும். குழப்பமாக இருந்தால் டீட்டெயில்ஸில் உள்ள ஈவென்ட் ரெக்கோர்ட் ஐடியைப் பின்பற்றுங்கள். அது எழுதப்பட்ட வரிசை. கடிகாரம் எங்கே போனாலும் அது ஒன்றொன்றாக ஏறிக்கொண்டே போகும்.

நம்மவர்களுக்கென்றே இன்னொரு சிக்கல் உண்டு. லொக்கை ஒரு கோப்பாகச் சேமித்து வெளிநாட்டில் இருக்கும் உறவினருக்கு அனுப்புவது. அந்தக் கோப்பில் நேரம் உலகப் பொது நேரத்தில்தான் இருக்கும். திறக்கிற மிசின் அதைத் தன் ஊர் நேரத்துக்கு மாற்றிக் காட்டும். போட்டோக்கொப்பிக் கடைக்காரர் எனக்கு முன்னம் ரொரன்ரோவில் இருக்கும் மருமகனுக்குத்தான் லொக்கை அனுப்பியிருக்கிறார். அது கோடைகாலம். நம்முடைய காலமை 6.12, ரொரன்ரோ மிசினில் முதல்நாள் இரவு 8.42. மருமகனும் பார்த்துவிட்டு, "மாமா, இரவு எட்டரைக்குப் பிறகு என்ன செய்யிறியள்? அப்பதான் பிரச்சினை" என்று சொல்லியிருக்கிறார். மாமா இரவு எட்டரைக்குக் கடையே திறப்பதில்லை. ஆகவே மருமகனுக்குக் கொம்பியூட்டர் தெரியாது என்று முடிவாகிவிட்டது. பாவம், கோப்போடு சேர்த்து 'உலகப் பொது நேரத்தோடு ஐந்தரை மணித்தியாலம் கூட்டினால் இலங்கை நேரம்' என்று ஒரு வரி போயிருந்தால் அவரே பிடித்திருப்பார். 1996 முதல் 2006 ஏப்ரல் வரை நாட்டின் மணிக்கூட்டை முன்னும் பின்னும் திருப்பிய காலத்தைக் கண்ட நமக்கு இது தெரிந்திருக்க வேண்டும்! விண்டோஸில் நம்முடைய நேரம் ஸ்ரீ ஜயவர்தனபுர என்ற பெயரில் இருக்கும். அதற்குப் பதிலாகச் சென்னையைத் தெரிவு செய்திருந்தாலும் இன்று வித்தியாசம் வராது.

கடைக்குத் திரும்பினேன். வீட்டு மோட்டருக்கு மெயின் போர்டிலிருந்து தனி லைன் இழுக்க வயரிங் செய்யும் தம்பி ஒருவர் வந்தார். யூபிஎஸ்ஸுக்குப் புதுப் பற்றரி போட்டோம். கஸ்டம் வியூ என்று ஒன்றை உருவாக்கி, அதில் கேர்னல்-பவர், ஈவென்ட்லொக், டிஸ்க், என்டிஎஃப்எஸ் (டிஸ்கில் கோப்புகளை ஒழுங்குபடுத்தும் முறை) என்ற நாலு சோர்ஸை மட்டும் தெரிவு செய்து, கிரிட்டிக்கல், எரர், வார்னிங் மூன்றையும் டிக் பண்ணிக் கொடுத்தேன். பின்னணியில் ஓடும் மற்ற சத்தம் எதுவும் அதில் வராது. காலமை 41கள் நின்றுவிட்டன. பகலில் வந்த அந்த இரண்டைப் பற்றி எனக்கும் ஒன்றும் பிடிபடவில்லை. பொறுத்துப் பார்ப்போம் என்று வந்துவிட்டேன்.

பத்து நாள் கழித்து அவரே போன் எடுத்தார். "தம்பி, பகல் எரர் இண்டைக்கும் ஒண்டு விழுந்தது. பதினொண்டு இருபதுக்கு. நான் கொப்பியில பாத்தன், அப்பத்தான் ஒரு பெட்டை நூற்றெண்பது பக்கத் தீசிஸ் ரண்டு பிரதி அடிச்சவ. போன கிழமை விழுந்ததும் அப்பிடித்தான்."

அவர் மேசைக் கொப்பியில் ஒவ்வொரு பிரிண்ட் கணக்கையும் நேரத்தோடு எழுதுகிறவர். லேசர் பிரிண்டரின் பிளக் யூபிஎஸ்ஸில் குத்தியிருந்ததை நான் கவனிக்கவே இல்லை. அதன் ஃபியூசர் தாளில் மையை உருக்கிப் பிடிக்கவைக்கச் சூடாகும் ஒவ்வொரு தரமும் பெரிய சுமையை இழுக்கும்; சின்ன யூபிஎஸ் அதைத் தாங்காது. பிளக்கைக் கழற்றிச் சுவரில் குத்தச் சொன்னேன்.

கடைசியாக அந்தப் பக்கம் போனபோது கஸ்டம் வியூவில் புதிதாக ஒன்றும் இல்லை. முழு லொக்கில் 10016 மூன்று வரி கிடந்தது. அதைப் பற்றி அவர் ஒன்றும் கேட்கவில்லை.